படி ஏறினால் வலித்த பல்செட்டு

போன வருடம், பெங்களூரு ஆடுகோடியில் எங்கள் இரண்டாவது மாடி வீட்டில், என் மகளுக்குக் காது குத்த வேண்டிய நாளில் நடந்தது இது. கீழே வேன் நின்றது. ஓசூர்க் கோயிலில் என் அண்ணன், பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ளக் காத்திருந்தார். சாமான்களை வேனில் வைத்துவிட்டு மேலே ஏறி வந்த என் மாமியார், தாடையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க இதே கதைதான். வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டே திரிந்தார். கேட்டால், புதுப் பல்செட்டு உரசுகிறதாம். ஆனால் அன்று பல்செட்டு சமையலறையில் டம்ளர் தண்ணீரில் கிடந்தது. போட்டோ எடுக்கும்போது போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

"அத்தை, பல்செட்டுதான் வாயில இல்லையே, எது உரசுது?"

"பழைய புண்ணா இருக்கும். உக்காந்தா விட்ருது. படி ஏறுனாதான் வலி."

அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. பிரசவ சமயத்தில் எனக்கும் சர்க்கரை வந்ததிலிருந்து, அது இதயத்தை என்னவெல்லாம் செய்யும் என்று போனில் படித்துப் படித்துப் பயந்துகொண்டிருந்தவள் நான். அத்தைக்கோ பல வருடச் சர்க்கரை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"ஆரம்பிச்சிட்டா போன் டாக்டரு" என்றார் என் கணவரின் அக்கா. "கொழந்த தும்முனாலே நிமோனியாம்பா. முகூர்த்தம் போயிடும், வேன்ல ஏறும்மா."

தும்மினால் பயப்படுவது உண்மைதான். ஒரு முடிவைப் பத்துத் தடவை மாற்றுகிறவள்தான். கணவர் முகத்தைப் பார்த்தேன்; அவர் தன் அக்கா முகத்தைப் பார்த்தார்.

"காது எங்கயும் போகாது அண்ணி. வேன் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்."

பெரியவர்களை எதிர்த்து நான் பேசியது அதுவே முதல் தடவை. அத்தையை நடக்க விடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கணவரும் டிரைவரும் தூக்கி இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்த இளம் டாக்டர், "கேஸ் டிரபிளா இருக்கும், மாத்திரை தரேன், வீட்டுக்குப் போங்க" என்றார். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். தப்பு செய்துவிட்டோமோ என்று எனக்கே தோன்றியது. அப்படியும் நகரவில்லை. பல வருடச் சர்க்கரை, படி ஏறினால் தாடை வலி, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்று மறுபடி சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்க்காமல் கூட்டிப் போக மாட்டேன் என்றேன்.

ரத்தப் பரிசோதனை, இதயத் தசை பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டி என் பயத்தைச் சரி என்றது. ஆஞ்சியோவில் இதயக் குழாயில் இரண்டு அடைப்புகள். நாள்பட்ட சர்க்கரை குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கும், அங்கே கொழுப்பு படிந்து படிந்து குழாய் குறுகிவிடும் என்று பெரிய டாக்டர் விளக்கினார். நரம்பும் மரத்துப்போவதால் பலருக்கு நெஞ்சு வலிப்பதே இல்லையாம்; சிலருக்கு இதய வலி தாடையில்தான் தெரியுமாம்.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "பாப்பாவுக்கு இன்னும் காது குத்தலையா? அந்தப் பல்செட்ட எங்க வெச்சீங்க?"

குழந்தைக்கு ஸ்வெட்டர் போடலாமா வேண்டாமா என்று இன்றும் குழம்புகிறேன். ஆனால் பயந்தவள் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் இனி கேட்க மாட்டேன். பயந்துகொண்டேகூட வழியை மறித்து நிற்கலாம் என்பதை எங்கள் வீட்டு வாசல் எனக்குக் காட்டிவிட்டது.