பத்துமலையில் இருக்கிறவர் பெயர்

என் அப்பா முத்துக்குமாரு பத்திரிகைக்காரர். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நாங்கள் உட்கார நாற்காலி இருந்ததோ இல்லையோ, அவருடைய பழைய தாள்களுக்கு அலமாரி இருந்தது. போர் முடிந்தபின் ஜப்பானிய அதிகாரிகள் மீது நடந்த போர்க்குற்ற விசாரணையில் தினமும் உட்கார்ந்து செய்தி எழுதியவர். சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துச் சென்ற தோட்டத்து ஆட்களைப் பற்றி எழுதிய அத்தனையையும் 1981இல் ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தார். இனி வீட்டில் நிம்மதி என்று நினைத்தேன். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும்.

காப்பகம் அவற்றை, அங்கே இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலோடு, கண்காட்சியாக வைத்தது. சில நாளில் மேரு என்ற ஊரிலிருந்து பவுனம்மாள் என்ற அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். நெற்றி நிறையக் குங்குமம். கணவரைச் சயாமுக்குக் கொண்டுபோனது பற்றி அந்த விசாரணையில் சாட்சி சொன்னவர்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு பேரு முருகன் இல்லீங்க. அங்க போனவங்க படிச்சிட்டு வந்து சொன்னாங்க. தப்பா போட்டுட்டீங்களே!"

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று கோர்ட்டில் புருஷன் பெயரைக் கேட்டபோது, அதை வாயால் சொல்லாமல் "பத்துமலையில இருக்கிறவரு பேரு" என்றிருக்கிறார் இந்த அம்மா. அப்பா முருகன் என்று எழுதிவிட்டார். அந்தச் சாமிக்கு எத்தனை பெயர் என்று யாழ்ப்பாணத்துக்காரரான அப்பாவுக்குத் தெரியாதா என்ன? பக்கத்தில் நின்ற யாரையாவது கேட்டிருக்கலாம். அவசரம்!

இப்போதும் அந்த அம்மா சொல்லவில்லை. பிள்ளைகுட்டி இல்லாதவர், வேறு யாரைக் கேட்பது? அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். கந்தசாமியா? வேலாயுதமா? பழனியா? தண்டாயுதம் என்றதும் அவர் தலையைக் குனிந்துகொண்டு மெல்ல ஆட்டினார்.

ஒரு பெயரைத் திருத்துவதற்குப் பெட்டாலிங் ஜெயாவுக்கு எத்தனை முறை பஸ் ஏறுவது? காப்பகத்தில் இந்த மேசை, அந்த மேசை என்று பவுனம்மாளையும் சேர்த்து எங்கள் மூவரையும் பந்தாடினார்கள். கடைசியில் பாலன் என்ற அதிகாரி வந்தார்.

"தலையாட்டினா செல்லாது அங்கிள். அவங்களே வாயால சொல்லி சத்தியம் பண்ணணும்."

அப்பா மேசையைத் தட்டினார். "எழுதினதும் நான்தான், பிழைன்னு சொல்றதும் நான்தான். பிறகென்ன லா?"

பாலன் அசையவில்லை. மலாய் மொழியில் அச்சடித்த ஒரு சத்தியத் தாளை நீட்டினார். எரிச்சலோடு வாங்கி, அந்த அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்: "சயாமில் இறந்துபோன என் கணவரின் பெயர்..."

பவுனம்மாள் என் கையைப் பிடித்தார். "செத்துட்டாருன்னா போட்டிருக்கு?"

"ஆமாம்மா. இங்க கண்காட்சியில வச்சிருக்கிறதே செத்தவங்க பேருதான்."

"செத்தத யாரு பாத்தா? கொண்டு போனாங்க, இன்னும் வரலன்னுதானே நான் கோர்ட்டுல சொன்னேன்?"

அவரைக் கொண்டுபோய் நாற்பது வருஷமாகப் போகிறது.

"பேர மட்டும் சொல்லுங்கம்மா. நான் உயிரோட இருக்கிறப்பவே திருத்திடுவோம்," என்றார் அப்பா. அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

அந்த அம்மா தாளைப் பாலன் பக்கமே தள்ளி வைத்தார்.

"வேணாங்க ஐயா. முருகன்னே இருக்கட்டும். செத்தது அந்த முருகன்தான், எங்க வீட்டுக்காரரு இல்ல."