மூன்றாம் மாடிக்கு வந்த சிலிண்டர்

என் கணவர் உயிரோடு இருக்கிறார். எதிர்வீட்டு பாய் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகின்றன. இன்னும் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

நாங்கள் இருப்பது ரங்கூனில், பபேடான் பேட்டையில், மூன்றாம் மாடி. லிப்ட் கிடையாது. செங்குத்தான படிக்கட்டில் ஏறி வந்தால் இடப்பக்கம் எங்கள் கதவு, வலப்பக்கம் பாய் வீட்டுக் கதவு. நடுவில் நின்று கை நீட்டினால் இரண்டையும் தட்டலாம். பாய் குடையும் டார்ச்சும் விற்கிற கடை வைத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். என்னைத் தங்கச்சி என்பார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பிள்ளைகள் இல்லாத வீடு.

கொரோனா வந்த வருஷம் என் கணவருக்கு டாக்சி சவாரி நின்றுபோனது. நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையையும் மூடிவிட்டார்கள். அப்போதுதான் அடுத்த தெருவில் இருந்த ஜெபவீட்டில் அரிசி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதை நடத்தியவர் ஒரு கரேன் இனப் பெண்மணி, முன்பு நர்ஸாக இருந்தவர். தெருவே அவரைச் சயாமா என்றுதான் சொல்லும். பர்மியில் டீச்சரம்மா என்று அர்த்தம். வெளிநாட்டில் இருக்கிற ஏதோ ஒரு சபை அவருக்கு உதவி அனுப்பிக்கொண்டிருந்தது.

எனக்குத் தமிழும் பர்மியும் எழுதத் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சயாமா அரிசிக்கான படிவத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். பெயர், வீட்டில் எத்தனை பேர், மாடி எண். கடைசி வரியில், ஆண்டவருடைய வார்த்தையைக் கேட்க விருப்பமா என்று ஒரு கேள்வி, பக்கத்தில் ஒரு கட்டம்.

"டிக் போடலேன்னாலும் அரிசி உண்டு, ஞீமா. எல்லார்கிட்டயும் அதைச் சொல்லிடு" என்றார். ஞீமா என்றால் தங்கை.

நான் சொன்னேன். சொல்லியும் எல்லோரும் டிக் போட்டார்கள். கொடுக்கிற கையைப் பார்த்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்ற கூச்சம்தான். நானும் போட்டேன். அன்று காலையில்தான் முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்திருந்தேன். எனக்கு எதையும் கேட்க விருப்பமில்லை. அரிசி வேண்டும், அவ்வளவுதான்.

பாய் மட்டும் கட்டத்தைக் காலியாக விட்டுப் படிவத்தைத் திருப்பித் தந்தார்.

"அரிசியை வாங்கிக்கறேன் தங்கச்சி, அந்தம்மாவுக்கு நன்றி சொல்லிடு. ஆனா இல்லாத விருப்பத்தை இருக்குன்னு எழுத எனக்கு வராது."

"வெறும் கட்டம்தானே பாய்" என்றேன்.

"கட்டம்தான்" என்று சிரித்தார். அவருக்கும் அரிசி வந்தது. என் மூட்டைக்கும் அவர் மூட்டைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

டிக் போட்ட பாவத்துக்கு வியாழக்கிழமை மத்தியானங்களில் ஜெபவீட்டுக்குப் போனேன். சயாமா பர்மியில் பேசுவார். பர்மி அவ்வளவாக வராத நாலைந்து தமிழ்ப் பெண்களுக்கு நான் தமிழில் சொல்வேன். ஒருநாள் ஏதேன் தோட்டத்துக் கதை. பாம்பு வந்து பேசியது, பழத்தைத் தின்றார்கள், அன்றிலிருந்து உலகத்தில் நோயும் சாவும் வந்தன என்றார். நான் அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு பெண் என்னிடம், "அந்தப் பாம்பை யாரு படைச்சதாம்? கேட்டுச் சொல்லு" என்றாள். கேட்டேன்.

சயாமா, "எனக்குத் தெரியல" என்றார். "பிறந்து ரெண்டே நாள்ல போயிட்ட குழந்தைங்களைக் குளிப்பாட்டித் துணி சுத்தித் தாய்கிட்ட குடுத்திருக்கேன். அப்ப நானும் இதையேதான் கேட்டேன். பதில் வரல. அதுக்காக மறுநாள் டூட்டிக்குப் போகாம இருக்க முடியுமா?"

மத போதனை செய்கிறவர் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. வீட்டுக்கு வந்து பாயிடம் சொன்னபோது, "சோதனைம்மா, எல்லாம் சோதனை. யாருக்கு எதுன்னு நமக்குத் தெரியாது" என்றார். கீழ்மாடி பர்மாக்காரப் பெண்மணி முன்ஜென்ம வினை என்றார். எங்கள் வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். எல்லோரிடமும் ஒரு பதில் இருந்தது. நர்ஸாக இருந்தவரிடம் மட்டும் இல்லை.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் நோய் எங்கள் தெருவுக்குள் வந்தது. ஆஸ்பத்திரிகளில் ஆளும் இல்லை, இடமும் இல்லை. வீட்டில் நோயாளி இருந்தால் பால்கனியில் மஞ்சள் துணி கட்டுவார்கள். எங்கள் பால்கனியில் கட்டிய மறுநாள் பாய் வீட்டிலும் கட்டினார்கள். ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஊரே அலைந்தது. பர்மாக்காரர்கள் அதை ஆக்சிஜன் பானை என்பார்கள். அந்தப் பானையில் காற்று நிரப்ப ஜனங்கள் மழையில் வரிசையாகப் படுத்துக்கிடந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் என் கணவரின் விரலில் மாட்டிய ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி எழுபத்தெட்டு காட்டியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. சயாமாவுக்குப் போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. நான் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரியும், ஆனாலும் கை நிற்கவில்லை.

பத்து மணி இருக்கும். படிக்கட்டில் இரும்பு இடிக்கிற சத்தம் ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. மேல்படியில் நின்றது. வெளியே ஏதோ பேச்சு கேட்டது. பிறகு எங்கள் கதவைத் தட்டினார்கள். சயாமாவும் இரண்டு ஆட்களும் சிலிண்டரோடு நின்றார்கள். சயாமாவே குழாயை மாட்டினார், அளவு வைத்தார், ஒரு நிமிஷம் கண்ணை மூடி ஜெபித்தார், போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் எண் தொண்ணூறுக்கு ஏறியது.

எதிர்வீட்டில் பாய் இருமுவது எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதற்கே அர்த்தமில்லை. ஒரு மணி நேரம் அவருக்கு, ஒரு மணி நேரம் இவருக்கு என்று மாற்றி மாற்றி வைக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அக்கா வந்து தட்டிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அக்கா தட்டவில்லை. மறுநாள் மத்தியானம் பாய் போய்விட்டார். எங்கள் அறையில் காற்று சீறுகிற சத்தத்துக்கு மேலே அக்காவின் அழுகை கேட்டது.

என் கணவர் பிழைத்து எழுந்து நடமாட ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகு சயாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார். உதவி அனுப்புகிற சபைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், பிழைத்தவர்களில் ஒரு குடும்பம் எழுதினால் நல்லது என்றார். சரி என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான் அதைக் கேட்டேன்.

"சயாமா, அன்னிக்கு எங்க வீட்டுக்கு ஏன் வந்தீங்க? எதிர்வீட்டுலயும் மஞ்சள் துணி இருந்துச்சே."

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். டிக் போட்ட வீடுகளின் பட்டியல். வார்த்தையைக் கேட்க எத்தனை பேர் வருகிறார்கள் என்று சபையில் கேட்பார்களாம், அதற்காகத் தனியாக எழுதி வைத்தது.

"ஒரே ஒரு சிலிண்டர். போன் நிக்காம அடிக்குது. யார் வீட்டுக்கு முதல்லன்னு எனக்குப் புரியல. கையில இந்த நோட்டு இருந்துச்சு. இதைப் பார்த்துப் போனேன். வேற எதையும் நான் யோசிக்கல, ஞீமா. யோசிச்சிருக்கணும்."

அவர் அழவில்லை. நோட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். நான் பொய்யாகப் போட்ட டிக் என் கணவரைக் காப்பாற்றியிருக்கிறது. பாய் உண்மையாக விட்ட கட்டம் அவரை விட்டுவிட்டது. அப்படியானால் தப்பு யாருடையது? பயத்தில் கைக்குக் கிடைத்த நோட்டைப் பார்த்தவருடையதா? எத்தனை பேர் என்று கேட்ட, முகம் தெரியாத அந்த நல்லவர்களுடையதா? தாழ்ப்பாளைச் சரிபார்த்தவளுடையதா? இதில் யாரையும் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. என்னைக்கூட முழுசாகச் சொல்ல முடியவில்லை.

கடிதத்தில் பாயைப் பற்றியும் ஒரு பத்தி எழுதினேன். சயாமா படித்தார்.

"இது அப்படியே போனா அடுத்த சிலிண்டர் வராது" என்றார். "நீயே சொல்லு, அனுப்பட்டுமா?"

அந்த வாரமும் ஜெபவீட்டு வாசலில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நானே அந்தப் பத்தியை எடுத்துவிட்டு மறுபடியும் டைப் செய்து கொடுத்தேன். சில வாரங்களில் இன்னும் இரண்டு சிலிண்டர்கள் வந்தன. டிக் பார்க்காமல்தான் கொடுத்தார் என்று எனக்குத் தெரியும், இறக்கி எடுத்துப் போகும்போது நானும் கூட இருந்தேன்.

ஆனாலும் எனக்குத் தாங்கவில்லை. பாய் இறந்து ஒரு வருஷம் ஆனபின் ஒரு காலையில் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நோட்டைப் பற்றி, டிக்கைப் பற்றி, தாழ்ப்பாளைப் பற்றி. அவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியா சொன்னாங்க அந்தம்மா?" என்றார். "அவங்க முதல்ல எங்க கதவைத்தான் தட்டினாங்க. நான்தான் திறந்தேன். இவர் உள்ளே இருந்தே, 'எதிர்ல தம்பிக்குக் குடுங்க, சின்ன வயசு'ன்னு சொன்னாரு. அதுக்கப்புறம்தான் உங்க பக்கம் திரும்பினாங்க."

"நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே அக்கா."

"சொல்லி? நீ அதைச் சுமந்துக்கிட்டுத் திரியணுமா?"

மேல்படியில் பேச்சு கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அது பர்மியா தமிழா, ஆண் குரல் இருந்ததா, நினைவில்லை. அன்று மத்தியானமே சயாமாவிடம் ஓடினேன். அக்கா சொன்னதைச் சொன்னேன்.

"அந்த வாரம் நான் எத்தனை மாடி ஏறினேன்னு எனக்கே தெரியாது. எல்லாப் படியும் ஒரே மாதிரிதான் இருக்கு. பட்டியலைப் பார்த்துப் போனது ஞாபகம் இருக்கு. அந்தக் கதவைத் தட்டினேனா, தெரியல. அவங்க தட்டினேன்னு சொன்னா தட்டியிருக்கலாம்."

அக்கா சொன்னது உண்மையாக இருக்கலாம். புருஷன் வீணாகச் சாகவில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ள அவரே கட்டிக்கொண்ட கதையாகவும் இருக்கலாம். அல்லது என்னைத் தேற்றவே அந்த நிமிஷத்தில் சொன்னாரோ என்னவோ. அவரிடம் திரும்பிக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. எது உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை. முதலாவது உண்மையென்றால் நான் ஒரு பெரிய மனுஷனுக்குக் கடன்பட்டவள். இல்லையென்றால் ஒரு டிக்குக்கு.

என் கணவருக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபவீட்டுக்குப் போகிறார், மனசாரப் போகிறார். ஆண்டவர் தன்னைக் காப்பாற்றினார் என்கிறார். ஒருநாள் சாப்பிடும்போது, "அப்ப எதிர்வீட்டுல முடிவு பண்ணினது யாரு?" என்று கேட்டுவிட்டேன்.

"அதைக் கேக்காதே. அதைக் கேட்டா என்னால ஜெபிக்க முடியாது" என்றார்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகிறேன், அவர் வாசல்வரை கூட வருவார். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வருகிறேன்.

போன வருஷம் அக்காவுக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்தது. ஆறவில்லை. யாரும் கூப்பிடாமலே சயாமா வாரத்துக்கு மூன்று நாள் படியேறி வந்து கட்டு மாற்றுகிறார். அவருக்கும் வயசாகிவிட்டது. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். அவர் ஏன் வருகிறார் என்று நான் கேட்டதில்லை. பரிகாரமோ, நர்ஸாக இருந்த பழக்கமோ. வெளிநாட்டுக்கு எழுத இன்னொரு கடிதம் வேண்டுமென்று வருகிறாரோ என்றுகூட ஒருமுறை நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். ஆனால் அந்த நினைப்பு முழுசாகப் போகவும் இல்லை.

"அவங்க ஜெபம் பண்றப்ப உங்களுக்கு ஒண்ணும் தோணலையா அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவங்க பாஷை எனக்குப் புரியாது. கை மெத்துன்னு இருக்கு" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை, உதவிக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை என்று சயாமா என்னை அக்காவின் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். பழைய துணியைப் பிரிக்கும்போது அக்கா பிஸ்மில்லா என்றார். சயாமா கரேன் மொழியில் முணுமுணுத்தார். எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை.

"வலிக்குதா அக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"கொஞ்சம். இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடி" என்றார்.