லைட் தெரிகிறதா

பத்தாவது வரைதான் படித்தேன். கல்யாணமாகி டெல்லிக்கு வந்தபோது லைட் என்றால் விளக்கு, அவ்வளவுதான் தெரியும். ஜனக்புரி வீட்டில் முதல் வாரமே மின்விசிறி நின்றது. மாடிக்கு மாடி "லைட் சலி கயி", லைட் போய்விட்டது என்று குரல். இங்கே கரண்டுக்கும் அதே பெயர். புடவைக்கு லைட் கலர், வயிற்றுக்கு லைட் சாப்பாடு. பரீட்சைக்கு முதல் நாள் நான் பதறினால் மகன், "லைட் லோ மம்மி" என்பான், கவலைப்படாதே என்று. ஒரு சின்ன வார்த்தை இத்தனை இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறதே என்று எனக்கு மலைப்பாக இருக்கும். சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். இடது கண் சிறுவயதிலேயே போய்விட்டது. பார்வை இருந்த வலது கண்ணிலும் உள்ளே ரத்தம் கசிந்துவிட்டது. உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். மறுநாள் காலை கட்டுப் பிரிக்க ஆட்டோவில் போனோம். வழி சொல்வது எப்போதும் அவர்தான். அன்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

"ரெட் லைட் வந்துச்சா?" என்றார்.

"பச்சைல்ல எரியுது."

"பச்சை எரிஞ்சாலும் இந்த ஊர்ல சிக்னலுக்குப் பேரு ரெட் லைட்தாம்மா. லெஃப்ட்னு சொல்லு, ஜல்தி!"

"பைய்யா, லெஃப்ட்!" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் கட்டைப் பிரித்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பேனா போன்ற டார்ச்சைக் கண்ணுக்கு எதிரே பிடித்தார்.

"அங்கிள்ஜி, லைட் திக் ரஹி ஹை?"

லைட் தெரிகிறதா. எத்தனையோ ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை. அன்று எங்கள் மிச்ச வாழ்க்கை முழுவதும் அந்த மிளகளவு வெளிச்சத்தில் நின்றது. டாக்டர் டார்ச்சை மெல்ல நகர்த்தினார். வீட்டுக்காரரின் விரல் எழுந்தது. டார்ச் போன பக்கமெல்லாம் கூடவே போனது. இப்படியும் ஒன்று நடக்குமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

டாக்டர் திரையை விலக்கினார். இவர் கண்ணைச் சுருக்கி டாக்டரையே உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, மங்கலாத்தான் தெரியுது. ஆனா இந்தப் பையனுக்கு மீசைகூட முளைக்கலையே! இவன்கிட்டயா என் கண்ணைக் குடுத்தே?"

"அங்கிள்ஜி க்யா போலே?" என்ன சொன்னார் என்று டாக்டர் ஆவலோடு என்னைக் கேட்டார்.

"தேங்க்யூ போலே," என்றேன்.