போல்ட்டில் எண்ணெய் இல்லை

நம்புகிறவர்கள் நம்புங்கள். இது நடந்தது. எங்கள் கிரீன்லாந்து வடகரையில், என் பக்கத்து வீட்டில், சூரியன் தலைகாட்டாத மாதத்தில்.

இனலுக்கின் கணவன் காவிகாக். அவனைக் கரடி அடித்துக் கொன்று சில நாள்தான் ஆகியிருந்தது. அவன் கையில் துப்பாக்கி இருந்தது. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை. ஏன் என்று ஊரில் யாருக்கும் புரியவில்லை. இனலுக்குக்கு மட்டும் புரிந்தது.

அவள் தெற்கே பிறந்தவள். அங்கே உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்று துப்பாக்கியின் போல்ட்டுக்கு, அதாவது தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டுக்கு, தாராளமாக எண்ணெய் விடுவார்கள். இங்கே குளிரில் அந்த எண்ணெய் பிசினாகிவிடும். உள்ளே தோட்டாவைத் தட்டும் ஊசி நகராது. காவிகாக் எப்போதும் மண்ணெண்ணெயில் கழுவி, ஈரம் போகத் துடைத்துத்தான் எடுத்துப் போவான். கடைசியாக வேட்டைக்குப் போகும் முன் அவனுக்கு உடம்பு அசதி. பாவம், தூங்கட்டும் என்று இவளே அந்தப் பழைய துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தாள். ஆசையாகத்தான் செய்தாள். அதை நினைத்து நினைத்து அழுதாள்.

துப்பாக்கி இப்போது கொழுந்தன் ராஸ்முஸிடம். நாளை அவன் போல்ட்டைப் பிரித்துப் பார்க்கப் போகிறான். ஊருக்கே தெரிந்துவிடும்.

மதியம். வெளியே கும்மிருட்டு. சூடேற்றாத முன்னறையில் ஏதோ சத்தம்.

கிளிக்...

துப்பாக்கி மாட்டும் இடம் அது. ராஸ்முஸ் கொண்டுவந்து மாட்டுகிறான் என்று நினைத்தாள். ஆனால் நாய்கள் ஏன் குரைக்கவில்லை?

சரக்... சரக்... துணி தேய்க்கும் ஓசை. மண்ணெண்ணெய் வாடை.

கதவைத் திறந்தாள்.

ஒரு முதுகு. காவிகாக்கின் முதுகு. மடியில் துப்பாக்கி.

அவள் மூச்சு புகையாக எழுந்தது. அவனிடமிருந்து எதுவும் எழவில்லை...

"நான்தான்... நான்தான் எண்ணெய் போட்டேன்..."

"தெரியும்." அவன் திரும்பவில்லை. "கதவ மூடு. துப்பாக்கிக்கு வேர்த்துடும்."

உள்ளறைச் சூடு பட்டால் குளிர்ந்த இரும்பில் ஈரம் கோத்துவிடும் என்று தினமும் கேட்ட பேச்சு. பழக்கத்தில் கை தானாகக் கதவை மூடிவிட்டது.

பதறித் திறந்தாள்.

யாருமில்லை.

துப்பாக்கியும் இல்லை.

மறுநாள் ராஸ்முஸ் துப்பாக்கியோடு வந்தான். எண்ணெய் போட்டதை அவன் காலடியில் உட்கார்ந்து சொல்லி அழுதாள். அவன் போல்ட்டைப் பிரித்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்க அண்ணி எண்ணெய்? சுக்கா காஞ்சு கெடக்கு. சும்மா உங்க மேல பழிய இழுத்துப் போட்டுக்காதீங்க."

"நேத்து நீ இத இங்க கொண்டு வந்தியே, அப்ப..."

"இங்கயா? அண்ணன் கையிலேர்ந்து எடுத்ததுலேர்ந்து என் கொட்டகையில பூட்டிக் கெடக்கு. சாவி என் கழுத்துல."

அவள் முன்னறைக்கு ஓடினாள். தரையில் ஒரு துணி, எண்ணெய் ஊறிக் கறுத்து, விறைத்துக் கிடந்தது. ராஸ்முஸ் அதைப் பார்த்துவிட்டு, பழைய துணி என்றான்.

அன்றிலிருந்து ஊரே அவளைத் தேற்றுகிறது. எத்தனை முறை சொன்னாலும் ஒருவரும் நம்புவதில்லை. யாராவது ஒருவர் தன்னைத் திட்டிவிட மாட்டார்களா என்று அவள் இன்னும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.