மல்லாவித் தபாற்கந்தோரில் சூரியனும் சந்திரனும்

தபாற்கந்தோர்க் கவுண்டருக்குள் இருப்பவருக்கு முத்திரை குத்த ஒரு கை, சில்லறை கொடுக்க ஒரு கை போதும். தலை எதற்கு என்றுதான் ஊர் நினைக்கிறது. உத்தியோகமும் பார்த்து, ஒளித்து ஒளித்துச் சோதனைக்கும் படித்தவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வானத்தில் செயற்கைச் சந்திரன் சுற்றத் தொடங்கியிருந்த காலம் அது. வன்னிக் காட்டு ஊரான மல்லாவியில் தபாற்கந்தோர் உதவியாளராக இருந்துகொண்டு, சர்வகலாசாலைப் புகுமுகச் சோதனைக்குப் பிரயோக கணிதம் படித்தேன். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதும் தவறினால் அதோடு வாசல் பூட்டு. இரண்டு தடவையும் என் காலை வாரியது ஒரே பகுதிதான்: வானத்துப் பொருள்கள் ஒன்றையொன்று எவ்வளவு விசையோடு இழுக்கின்றன என்ற கணக்கு.

இருபத்தேழு பூச்சியம்

கணக்குச் செய்யக் கடதாசி ஏது? பழுதான தந்திப் படிவங்களின் பின்பக்கம்தான். ஒரு நாள் பூமியின் திணிவைக் கிராமில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆறு போட்டு, பின்னால் இருபத்தேழு பூச்சியம். கவுண்டருக்கு வெளியே வேலுப்பிள்ளையர் நின்றார். வடமராட்சியிலிருந்து வந்து வவுனிக்குளத்தின் கீழ் அரசாங்கக் காணியில் வயல் செய்கிறவர். எட்டிப் பார்த்து என்ன கணக்கு என்று கேட்டார். முழுப் பூமியின் பாரம் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான். அவர் பூச்சியங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணி முடித்தார்.

“அதுக்குள்ளை என்ரை மூண்டு ஏக்கரும் இருக்கெல்லோ பிள்ளை? அப்ப அதை ஒருக்கா என்ரை பேரிலை எழுதிவிடுங்கோ, நாலு வருஷமா ஒருத்தரும் எழுதித் தாறாங்களில்லை.”

பூமியின் தோல்

செயற்கைச் சந்திரன் ஒன்று தரைக்கு மேலே ஐந்நூறு மைலில் சுற்றுகிறது. பூமி அதை இழுக்கும் விசை என்ன? மடக்கை அட்டவணையைப் புரட்டிப் புரட்டி ஒன்பது முறை செய்தேன். புத்தகத்தின் விடையைவிட ஏறக்குறைய எண்பது மடங்கு கூடி வந்தது. பிழை புத்தகத்தில்தான் என்று வாய்விட்டே திட்டினேன். கடிதம் கொடுத்துவிட்டு வந்த தபாற்காரர் கந்தையா அண்ணை, சைக்கிளைச் சாத்திவிட்டு என்ன சிக்கல் என்று கேட்டார். தரையிலிருந்து ஐந்நூறு மைல் என்று போட்ட கணக்கைச் சொன்னேன். பூமியின் நடுவிலிருந்து தூரத்தை அளக்க வேண்டும் என்ற வரியைப் பத்துத் தரம் படித்தவள் நான். ஆனாலும் அது மண்டையில் ஏறியது அவர் வாயைத் திறந்த பிறகுதான்.

“நான் சைக்கிள் காசுக்கு மைல் எழுதேக்கை கந்தோர் வாசலிலையிருந்துதான் எழுதிறனான், ஊர் எல்லையிலையிருந்து இல்லை, நீங்கள் ஏன் பூமியின்ரை தோலிலையிருந்து அளக்கிறியள்?”

இரண்டு நாள் லீவு

சோதனை யாழ்ப்பாணத்தில். போஸ்ற்மாஸ்ரரிடம் இரண்டு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் கெட்ட மனிதர் அல்லர். ஆனால் இந்தக் காட்டுக்கு இடமாற்றம் வந்ததே தனக்குச் செய்த அநியாயம் என்று நினைத்தவர். இங்கிருந்து ஒருத்தி மேலே போகலாம் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. என் தந்திப் படிவங்களைத் தூக்கிக் காட்டினார். விண்ணப்பத்தை ஒப்பமிடாமலே திருப்பித் தந்தார்.

“வன்னிக்குள்ளை இருந்து சந்திரனை இழுத்து ஆருக்கு என்ன பிரயோசனம்? நீர் முத்திரையைக் குத்தும்.”

கடலின் கணக்கு

சந்தைக்குக் கருவாடு கொண்டுவரும் சவிரிமுத்து அண்ணை முல்லைத்தீவுக்காரர். வாரம்தோறும் வீட்டுக்கு ஒரு தபாலட்டை போடுவார். மாஸ்ரர் மேலிருந்த ஆத்திரத்தில் அவரிடம் என் வித்தையைக் காட்டினேன்: பூமியைச் சந்திரன் இழுப்பதைவிடச் சூரியன் நூற்றெழுபது மடங்குக்கு மேல் இழுக்கிறது. அவர் மறுக்கவில்லை, ஒரு கேள்விதான் கேட்டார். மூன்று நாள் தந்திப் படிவங்களோடு மல்லுக்கட்டினேன்.

கடைசியில் பிடிபட்டது. கடலை ஏற்றி இறக்குவது மொத்த இழுவை அல்ல. பூமியின் கிட்டிய பக்கத்தை இழுப்பதற்கும் தூரத்துப் பக்கத்தை இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம். சூரியன் வெகுதூரத்தில் நின்று எல்லாப் பக்கத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் இழுக்கிறது. கிட்ட நிற்கும் சந்திரன் அந்த வித்தியாசத்தில் சூரியனை இரண்டு மடங்குக்கு மேல் வென்றுவிடுகிறது. அதுவரை நான் விதியை மனப்பாடம் செய்திருந்தேன், அன்றுதான் விளங்கிக்கொண்டேன். சவிரிமுத்து அண்ணை கேட்டது இவ்வளவுதான்:

“அப்ப வத்துப்பெருக்கு ஏன் பிள்ளை நிலவுக்குப் பின்னாலை போகுது? கணக்கை இன்னொருக்காப் பாருங்கோ, கடல் பிழை விடாது.”

விளக்கம் கோரல்

லீவு விண்ணப்பத்தில் கந்தோர் முத்திரையை நானே குத்தி மேசையில் வைத்தேன். குத்தச் சொன்னவர் அவர்தானே. முதல் பஸ்ஸில் மாங்குளம் போய் ரயில் ஏறினேன். சோதனையில் வத்துப்பெருக்கு வரவில்லை, செயற்கைச் சந்திரன் வந்தது. நடுவிலிருந்து அளந்தேன். திரும்பி வந்ததும், அனுமதியில்லாமல் போனதற்கு மாஸ்ரர் எழுத்தில் விளக்கம் கேட்டார். சோதனை இருந்தது, போனேன் என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். மன்னிப்பு என்ற சொல்லை அதில் தேடினாலும் காணமாட்டீர்கள்.

சில மாதம் கழித்து ஒரு காலை, தபாற்பையை அவிழ்த்த மாஸ்ரர் என் பெயருக்கு வந்த நீள உறையை எடுத்து நீட்டினார். பிரித்தேன். சோதனையில் சித்தியடைந்திருந்தேன், சர்வகலாசாலையில் இடமும் தந்திருந்தார்கள். கடிதத்தை அவரிடமே வாசிக்கக் கொடுத்தேன். ஒரு பக்கக் கடிதத்தை அவ்வளவு நேரம் வாசித்த மனிதரை நான் கண்டதில்லை.

“அப்ப இனி இஞ்சை ஆர் முத்திரை குத்துறது?”

திணிவில் பெரியவர் மாஸ்ரர்தான், ஆனாலும் என்னை அசைத்தவர்கள் சைக்கிளோடும் கருவாட்டுக் கூடையோடும் கிட்ட நின்றவர்கள் என்பதை, ஒரு பழுதான தந்திப் படிவம் கிடைத்தால் இப்போதும் கணக்குப் போட்டுக் காட்டுவேன்.