கரப்பான் தின்ற பெயர்கள்

போன ஞாயிறு எங்கள் சமையலறையில் ஒரு கரப்பான் பூச்சி. மனைவி துடைப்பத்தை ஓங்கியபடி நின்றாள். நான் பத்திரமான தூரத்தில் நின்று, "அதுக்குப் பேரு பெரிப்ளானெட்டா. கிரேக்கத்துல, சுத்தித் திரியறதுன்னு அர்த்தம்" என்றேன்.

"அர்த்தம் சொன்னா செத்துடுமா? தள்ளுங்க!"

சாகாதுதான். ஆனால் அந்தச் சுற்றித் திரிபவர் ஒருமுறை என் மானத்தையே தின்னப் பார்த்தவர் ஆயிற்றே!

எண்பதுகளின் தொடக்கம். அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் எனக்கு ஆசிரியர் வேலை. படித்தது பாட்டனி. விலங்கியல் ஆசிரியர் நீண்ட லீவில் போக, அவருடைய லேபும் என் தலையில் விழுந்தது. ஜாடி ஜாடியாகப் பார்மலினில் ஊறும் பாம்பு, பல்லி, புழு... கூடவே லேப் அட்டெண்டர் அஞ்சலையம்மா. அவருக்குத் தற்காலிக வேலை.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு வந்தது. அறுக்கக் கரப்பான் வேண்டுமே? மாணவர்கள் வீடு வீடாகப் பிடித்து வந்தார்கள். நான் அட்டைப்பெட்டியில் போட்டு, பாவம், மூச்சு முட்டுமே என்று ஓட்டை போட்டு, ஜாடிகள் இருந்த பீரோவுக்குள் வைத்தேன். ஓட்டை கொஞ்சம் தாராளம்.

திங்கட்கிழமை திறந்தால் பெட்டி காலி. ஜாடிகள் மொட்டை! மைதாப் பசை கரப்பானுக்குக் கல்யாணச் சாப்பாடு. பசையோடு, பெயர் எழுதி ஒட்டிய லேபிள்களையும் சேர்த்து முடித்திருந்தன.

மறுநாள் தேர்வு. கரப்பானை மாணவர்கள் மறுபடி பிடித்துவிடுவார்கள்; லேபிளுக்கு எங்கே போக? ஹெட்மாஸ்டர் வந்து பார்த்தார்.

"பசை கிண்டுனது நீதானே அஞ்சலை? நாளைக்கு எக்ஸ்டர்னல் முன்னாடி மானம் போச்சுன்னா, நாளன்னிலேர்ந்து நீ வர வேணாம்."

அஞ்சலையம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

ஸ்டாக் ரெஜிஸ்டரில் பெயர்கள் இருந்தன. எது எந்த ஜாடி? பெயர்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம்... முகம்தான் தெரியாது!

"பேருன்னா ஒரு அர்த்தம் இருக்குமேங்க சார்? சொல்லுங்க, தேடிப் பாப்போம்" என்றார் அஞ்சலையம்மா.

நூலகத்திலிருந்து தடிமனான அகராதி வந்தது.

"டீனியா. லத்தீன்ல ரிப்பன்."

"இந்தா கெடக்கு பாருங்க, பொம்பளப் புள்ளைங்க சடையில கட்டுறாப்ல!"

நாடாப்புழு! தமிழிலும் அதே பெயர்தான். இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை. பெயர் வைத்தவன் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்கிறான். நான்தான் பார்க்காமலே படித்திருக்கிறேன்.

பச்சோந்தி ஜாடிக்கு அர்த்தமே தேவையில்லை. ஆனாலும் கேட்டார்.

"கமீலியான். கிரேக்கத்துல, தரைச் சிங்கம்."

"இதுவா சிங்கம்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

கடைசியில் இரண்டு ஜாடி. இரண்டிலும் மண்புழு மாதிரி ஒன்று. இரண்டு பெயர்: டிஃப்லாப்ஸ் என்றால் குருட்டு முகம், இக்தியோஃபிஸ் என்றால் மீன் பாம்பு. அஞ்சலையம்மா ஒரு ஜாடியை வெளிச்சத்தில் பிடித்தார்.

"மழை பெஞ்சா எங்க வூட்டு வாசல்ல இது வரும் சார். மேலெல்லாம் பளபளன்னு செதிலு. கண்ணு இருக்கற எடமே தெரியாது. இதான் உங்க குருடு."

ஒட்டினோம்.

மறுநாள், தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் நேராக அந்த இரண்டு ஜாடிகளையே தூக்கினார்.

"இது ரெண்டையும் மாத்தி ஒட்டாத ஸ்கூலை இப்பதான் சார் பாக்கறேன்!"

ஹெட்மாஸ்டர் என் முதுகில் தட்டினார். "எல்லாம் நம்ம சார் வேலைங்க."

இந்த முறை ஜன்னலைப் பார்க்க முடியவில்லை.

"இல்ல சார். கண்டுபிடிச்சது அஞ்சலையம்மா. கரப்பான் பெட்டியை பீரோவுல வச்சதுதான் என் வேலை."

முதுகிலிருந்த கை மெதுவாக இறங்கியது. ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"அஞ்சலை... நாளைக்கு வந்ததும் பசையில கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக் கிண்டும்மா. பூச்சி அண்டாது."

'நாளைக்கு' என்றாரே, அது போதும்! எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சாயங்காலம் ஜாடிகளைத் துடைத்துக்கொண்டே அஞ்சலையம்மா சொன்னார்: "பொட்டியை நீங்க உள்ள வச்சதை நான் அன்னிக்கே பாத்தேங்க சார்."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"சிங்கமா நிக்குதா, பச்சோந்தியா மாறுதான்னு பாத்துக்கிட்டிருந்தேங்க."