இரண்டே கால் மணி மீட்டிங்

இது நடந்தது. மடவளையில், போன வருடம், பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு நடுச்சாமமும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போகலாம். மற்றவர்கள் இருங்கள். நேரங்களை எல்லாம் ஷஹ்மா ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தாள். நான் ஒரு நிமிடம்கூட கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஷஹ்மாவுக்கு இருபத்தேழு வயது. கணவன் அம்ஜத் திடீரென்று மௌத்தாகிவிட, உம்மா வீட்டு மேல்மாடி அறையில் விதவைக்குரிய இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுப்பு, வாசல் தாண்டக்கூடாது, அன்னிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. உம்மா இதிலெல்லாம் ஒரு நூல் கூட விட்டுக்கொடுக்காத ஆள். ஜன்னலடிக்குப் போனாலும் கீழேயிருந்து குரல் வந்துவிடும்.

அவள் வேலை பார்த்தது பல்லேகலயில் ஒரு கம்பனியில். இங்கிலாந்தில் உள்ள பல் டொக்டர்மாருக்கு நோயாளிகளின் நேரங்களைப் பதிந்து கொடுக்கும் வேலை. இத்தா முடியும்வரை வீட்டிலிருந்தே செய்யலாம், கமெரா போடத் தேவையில்லை என்று மேலாளர் கிருஷ்ணராஜ் சொல்லியிருந்தார். நாவலப்பிட்டிக்காரர், நல்ல மனிதர். தினமும் பகல் இரண்டே காலுக்கு இங்கிலாந்து மேடத்தோடு மீட்டிங். மற்றவர்களுக்கு முகம் இருந்தது. ஷஹ்மாவுக்குக் குரல் மட்டும்தான்.

அந்தக் குரலில்தான் கோளாறு வந்தது.

திங்கட்கிழமை 2.31க்கு கிருஷ்ணராஜ் போன் எடுத்து அவளைக் கூப்பிட்டார். அவள் பேசுவது இரண்டிரண்டு தடவை கேட்கிறதாம். மேடத்துக்குத் தலையிடியாம். வியாழக்கிழமையோடு ஆறு மாதப் பயிற்சிக் காலம் முடிகிறது, அன்று அவள் தன் வேலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். சத்தம் இப்படியே இருந்தால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பதையும் தயங்கித் தயங்கிச் சொல்லி வைத்தார்.

அந்த வேலைதான் ஷஹ்மாவை வெளியே கொண்டுபோகப் போவது. இத்தா முடிந்த மறுநாள் பஸ் ஏறி, பல்லேகல ஒபீசில் தன் கதிரையில் உட்கார வேண்டும். அந்த ஒரு காலையை நினைத்துத்தான் அவள் நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு மூத்தவர், நானா நபீல் வந்தார். இப்படிப்பட்ட விஷயங்களில் அவருக்குத் தெரியாததே இல்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. ரவுட்டரைத் தூக்கி மேல்மாடிக்குக் கொண்டுவந்தார். புளூடூத் ஹெட்செட்டைப் பிடுங்கிவிட்டு வயர் உள்ளதைக் கொடுத்தார். மின்விசிறியை நிறுத்தினார். வெறும் சுவர் சத்தத்தைத் திருப்பி அடிக்கும் என்று போர்வை, பாய், உம்மாவின் பழைய திரைச்சீலை என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஆணியடித்துத் தொங்கவிட்டார். அறை சலவைக் கடை மாதிரி ஆனது.

செவ்வாய் 2.34. கிருஷ்ணராஜ் மறுபடி எடுத்தார். இன்னும் இருக்கிறதாம். ஆனால் ஒரு வித்தியாசம். திங்கட்கிழமை அவள் பேசி இரண்டு செக்கன் கழித்து இரண்டாவது குரல் வந்தது. இன்று ஒரே செக்கன்.

"அதே ரூம்ல இன்னொரு போனும் மீட்டிங்ல இருந்தாத்தான் இப்படி வரும். நல்லாப் பாருங்க ஷஹ்மா."

அவள் பார்த்தாள். அறையில் ஒரு லெப்டொப், ஒரு போன். போனில்தான் அவரோடு பேசிக்கொண்டிருந்தாள், மீட்டிங் நேரம் அதை அணைத்தே வைத்திருந்தாள். கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள். அலுமாரியையும் திறந்து பார்த்தாள். மீட்டிங் பெயர்ப் பட்டியலிலும் அவள் பெயர் ஒரு தடவைதான் இருந்தது.

புதன்கிழமை மீட்டிங் முடிந்ததும் கிருஷ்ணராஜிடமிருந்து போன் வரவில்லை. 2.50 வரைக்கும் வரவில்லை. அவளே எடுத்தாள். அவர் அன்றைய மீட்டிங்கின் பதிவை ஓடவிட்டார்.

மேடம், இன்றைக்கு எத்தனை பேருக்கு நேரம் கொடுத்தாய் என்று கேட்கிறாள். 'ஃபோர்ட்டி டூ' என்று ஷஹ்மாவின் குரல் சொல்கிறது. பிறகு ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு மறுபடியும், 'ஃபோர்ட்டி டூ'.

அந்த மூச்சு அவளுடையது. பதில் சொல்லுமுன் மூச்சு இழுப்பது அவள் பழக்கம்.

அப்படியென்றால் முதலாவதாகச் சொன்னது...

மென்பொருளின் குழப்பமாக இருக்கும் என்றார் கிருஷ்ணராஜ். சொன்ன விதத்தில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

அன்று மாலை 6.10. ஷஹ்மா கீழே மஃரிப் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ எடுத்துக்கொண்டிருந்தாள். உம்மா படியில் பாதி ஏறி நின்று, மேலே பார்த்தபடி இருந்தார். குழாய்ச் சத்தம் நின்றதும் திரும்பி மகளைக் கண்டார். முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க இங்கயா ஈக்கிறீங்க, மகள்? அப்ப மேல யாரு? ஒரே சொல்லத் திருப்பித் திருப்பிச் செல்றா... பாடமாக்குற மாதிரி."

என்ன சொல் என்று ஷஹ்மா கேட்கவில்லை. கேட்கத் துணிவு இல்லை. நாளைய மீட்டிங்கை மட்டும் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் நானா வீட்டிலிருந்து செய்யட்டுமா என்று கெஞ்சினாள். உம்மா குர்ஆன் வசனம் ஓதி அவள்மேல் ஊதிவிட்டார், ஆனால் வாசல் தாண்ட விடவில்லை.

"இன்னம் பன்னண்டு நாள் தானே. பல்லக் கடிச்சிக்கிட்டு ஈங்க."

வியாழன். 2.05க்கு லெப்டொப்பைத் திறந்தாள். உம்மாவை அறைக் கதவடியில் கதிரை போட்டு உட்கார வைத்தாள்.

2.13. பாணும் பணிசும் விற்கும் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. அவசரமாக மைக்கை மூடினாள். ஆட்டோ போய்விட்டது.

2.15. மேடம் வந்தாள். கிருஷ்ணராஜ் வந்தார். ஷஹ்மா பேசத் தொடங்கினாள்.

மேடம் தலையாட்டினாள். குறிப்பு எடுத்தாள். ஒருமுறை சிரித்தாள். கிருஷ்ணராஜ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஷஹ்மாவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அழுகையே வந்தது.

2.27க்குப் பேசி முடித்தாள். நன்றி சொன்னாள்.

மேடம் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஹெட்செட்டில் ஒரு சத்தமும் இல்லை.

மேடத்தின் கண் திரையில் ஷஹ்மாவின் பெயர் இருக்கும் இடத்தையே பார்த்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். யாரோ பேசுவதைக் கவனமாகக் கேட்கிற முகம்.

பிறகு மேடம் குனிந்து, உறுதிதானா என்று கேட்டாள்.

கொஞ்சம் பொறுத்தாள். மறுபடி கேட்டாள்.

மூன்றாம் தடவையும் கேட்டாள். புன்னகைத்தாள். எழுதிக்கொண்டாள்.

ஷஹ்மாவின் வாய் திறக்கவே இல்லை.

2.41. மீட்டிங் முடிந்தது. வெளியேறப் போன விரல் அப்படியே நின்றது.

மைக் அடையாளத்தில் சிவப்புக் கோடு.

ஆட்டோ வந்தபோது மூடியது... அவள் திறக்கவே இல்லை.

2.44க்கு கிருஷ்ணராஜ் எடுத்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். இவ்வளவு தெளிவான சத்தத்தை இந்த ஆறு மாதத்தில் கேட்டதே இல்லை, வேலை நிரந்தரம் என்றார். மைக் மூடியிருந்ததை அவள் சொன்னாள். பகிடி விடாதீங்க என்று சிரித்தார். பிறகு கணினிப் பதிவைத் திறந்து பார்த்தார். ஷஹ்மாவின் மைக் 2.13இலிருந்து 2.41 வரை மூடப்பட்டிருந்தது. அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மீட்டிங்குக்குப் பதிலாக எழுதி அனுப்பினால் போதும் என்று மட்டும் ஒரு செய்தி வந்தது.

பன்னிரண்டு நாள் போனது. இத்தா முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை 7.20. ஷஹ்மா குளித்து, வெள்ளையைக் கழற்றிவிட்டு, நீல அபாயா உடுத்தி, கைப்பையோடு நின்றாள். அவளை பஸ்ஸில் ஏற்றிவிடக் கீழே நானா ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். புறப்படுமுன் கிருஷ்ணராஜுக்குப் போன் எடுத்து, ஒபீசுக்கு வந்துகொண்டிருப்பதாகச் சொன்னாள்.

"உங்களுக்கு வீட்டிலயே வேலைன்னு ஒபீஸ்ல உங்க கதிரைய வேற ஆளுக்குக் குடுத்தாச்சு ஷஹ்மா. மேடம் மூணு தடவ கேட்டாங்களே... மூணு தடவையும் நீங்கதானே சொன்னீங்க?"

"என்ன சேர் சொன்னேன்?"

"இத்தா முடிஞ்சாலும் அந்த ரூம விட்டு ஷஹ்மா வெளிய வரமாட்டாள்னு. 'நான்'னு சொல்லல. ஷஹ்மான்னுதான் சொன்னீங்க."

கீழே நானா இரண்டாவது தடவை ஹோர்ன் அடித்தார். ஷஹ்மா அறைக் கதவின் பிடியைத் திருப்பினாள். அது திரும்பவில்லை.